விழும் அருவிக்கு ஓர் ஓட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு கட்டுரையாக இருக்க வேண்டியது. சென்னையில் பத்திரிகை நடத்தும் நண்பர் வல்லிநாயகம் போனில் கேட்டார்.

“அமெரிக்காவுல ஜனாதிபதியை ஜனங்களே நேரடியா தேர்ந்தெடுக்கணுமா, இல்ல இப்ப மாதிரி மாநிலத்துக்கு இத்தனை பேர்னு ஒரு குழு தேர்ந்தெடுக்கிறதே சரியா? ஆயிரம் வார்த்தை. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

சரி என்றேன். எதைக் கேட்டாலும் சரி என்பது என் வியாதி. தென்காசியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இப்படித் தொடங்கினேன்:

அமெரிக்க ஜனநாயகத்தின் வேர்களை ஆராயப் புகுந்தால் நாம்

(இங்கே எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

கிராமப் பஞ்சாயத்துத் தலைவருக்கு நாமே ஓட்டுப் போடுகிறோம். பேரூராட்சித் தலைவரையோ கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே அமெரிக்காக்காரனைப் பார்த்து நாம்

(இதுவும் வேண்டாம். வல்லிநாயகம் வைவார்.)

கடைசியில் கட்டுரையை மூடிவைத்துவிட்டுக் குற்றாலத்தில் ஒரு வியாபாரிகள் சங்கத்தைக் கற்பனை செய்தேன். அப்படி ஒரு சங்கம் கிடையாது. தேடிக்கொண்டு போகாதீர்கள்.

2

என் சங்கத்தில் தொண்ணூற்று மூன்று சீசன் கடைகள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என்று ஐந்து இடங்களில் இருக்கின்றன. தலைவர் தேர்தலானாலும் விதி திருத்தமானாலும் ஒரே முறைதான். அந்தந்த அருவிக் கடைக்காரர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு, பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அருவியின் ஓட்டு. பேரருவியில் நாற்பது கடை, புலியருவியில் ஏழு. இரண்டுக்கும் ஓர் ஓட்டுதான்.

விதி 6: நீர் விழும் அருவி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டு.
விதி 7: சமமாக வந்தால் தலைகளை எண்ண வேண்டும்.

இதை எழுதியவர் தமிழ் மேல் ஆசையுள்ள ஒரு பழைய செயலாளர். ‘அருவி ஒவ்வொன்றுக்கும்’ என்று எழுதினால் போதும். அழகுக்காக ‘நீர் விழும்’ என்று சேர்த்துவிட்டார். எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம்தான். எனக்கும் உண்டு.

3

இனி சங்கரேஸ்வரி. பேரருவிப் பாதையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறாள்.

(முதல் வரைவில் அவளைப் புரட்சிக்காரியாக எழுதியிருந்தேன். முஷ்டியை உயர்த்தி வசனம் பேசினாள். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கூட்டத்தில் பேசினால் கைக்குட்டையைத் திருகுவாள்.)

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பெண் வியாபாரிகளுக்கென்று பூட்டுச்சாவியோடு ஒரு கழிப்பறை. சீசன் கூட்டத்தில் கட்டணக் கழிப்பறை வரிசையில் அரை மணி நேரம் நின்றால் கடையை யார் பார்ப்பது? அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். எதிரே அத்தனை தண்ணீர் கொட்டுகிறது, இவள் ஒரு வாய் குடிக்க மாட்டாள். இதை எழுதியபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அதற்கான மனு பேரூராட்சிக்குப் போக வேண்டுமென்றால் சங்கத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் தில்லைநாயகம் அண்ணாச்சி மூன்று சீசனாக, “பாப்போம்மா, பாப்போம்” என்று சொல்லுகிறார். (கெட்டவரல்ல. கழிப்பறையைத் தேடி அலைய வேண்டியில்லாத ஆண் உடம்பு, அவ்வளவுதான்.)

போன வருஷம் அவளே தேர்தலில் நின்றாள். ஐம்பத்தொன்பது பேர் அவளுக்கு, முப்பத்துநாலு பேர் அண்ணாச்சிக்கு. ஆனால் அருவிக் கணக்கில் இரண்டுக்கு மூன்று என்று தோற்றாள். புலியருவி மட்டும் மூன்றுக்கு நாலு என்று கையைவிட்டுப் போனது.

“அம்பத்தொம்பது பேரும் மனுசங்க இல்லியா அண்ணாச்சி? அருவியா வந்து சிப்ஸ் வாங்குது?” என்று கேட்டாள். அண்ணாச்சியே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மறுபடியும் தலைவரானார்.

இந்த வருஷம் அவள் விதியையே மாற்றக் கேட்டிருக்கிறாள்: அருவியை விட்டுவிட்டுத் தலையை எண்ணுங்கள். அப்படி எண்ணினால் அடுத்த தேர்தலில் அவளே தலைவர், மனுவில் அவளே கையெழுத்துப் போடலாம். ஆனால் அந்தத் திருத்தத்துக்கும் விதி 6 படிதான் ஓட்டு. அருவி முறையை ஒழிக்கலாமா என்று அருவிகளிடமே கேட்க வேண்டும்! போன தடவை எதிர்த்த அதே மூன்று அருவிகள் இப்போதும் எதிர்க்கின்றன. கூட்டம் இன்று மாலை நாலு மணிக்கு.

4

காலையில் யாரோ அவளிடம் சொன்னார்கள், புலியருவியில் நாலு நாளாகத் தண்ணீர் இல்லை என்று. விதியை எடுத்துப் படித்தாள். நீர் விழும் அருவி. விழாத அருவிக்கு ஓட்டு ஏது? அப்படியானால் இரண்டுக்கு இரண்டு. சமம். தலைகளை எண்ண வேண்டும்.

(புலியருவி வறண்டு சிற்றருவியில் மட்டும் விழுமா என்று குற்றாலத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கதைக்காக விழவைத்திருக்கிறேன். மன்னியுங்கள்.)

கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள். காய்ந்த பாறையை மூன்று போட்டோ எடுத்தாள். திரும்பும்போது டீக்கடைக்காரி மாரித்தாய் கூப்பிட்டாள். புலியருவிக் கடைகளின் சார்பில் கூட்டத்தில் கை தூக்குகிறவள் அவள்தான்.

“ஏட்டி சங்கரேஸ்வரி, வா, டீ குடி. பதினோரு சீசனா இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதவ வந்திருக்கே.”

“வேல இருந்துச்சு யக்கா.”

“போன வருஷம் ஒரு நட வந்திருந்தா நாலாவது ஓட்டு ஒனக்குத்தான். நான் அண்ணாச்சிக்குப் போட்டேன். அவரு வந்து கேட்டாரு. எங்க ஒரு ஓட்டுக்காவத்தான் கேட்டாரு, தெரியும். ஆனா எங்களுக்கு லைட்டுக் கம்பம் வந்துச்சுல்லா.”

“அப்ப அம்பத்தொம்பது பேரு சொன்னது சும்மாவா யக்கா? எங்க ஓட்டு ஆறு சேந்தாத்தான் ஒங்க ஓட்டு ஒண்ணு. இது நாயமா?”

“நாயம் இல்லதான்,” என்றாள் மாரித்தாய். “தலையை எண்ணினா ஏழு கடைய எவன் தேடி வருவான்? அது மட்டும் நாயமா?”

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தால் கட்டுரைக்காரன் “காலம் பதில் சொல்லும்” என்று எழுதித் தப்பித்துவிடுவான். கதைக்காரனுக்கு அந்த வசதி இல்லை.

5

முடிவு ஒன்று: போட்டோவைக் கூட்டத்தில் காட்டுகிறாள். புலியருவியின் ஓட்டு செல்லாது. தலைகளை எண்ணுகிறார்கள். ஜெயிக்கிறாள். பின்வரிசையில் மாரித்தாய் தூக்கிய கையை

(எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு: போட்டோவை அழித்துவிடுகிறாள். தோற்கிறாள். இன்னொரு சீசனும் தாகத்தோடு

(இதைத் தியாகம் என்று பாராட்டுவார்கள். அவள் உடம்பை வைத்து நான் நல்ல பேர் வாங்க மாட்டேன்.)

முடிவு மூன்று மிகச் சுலபம். மலைமேல் மழை பெய்ததாக இரண்டு வரி எழுதினால் மூன்றரை மணிக்குப் புலியருவியில் தண்ணீர் விழுந்துவிடும். பிரச்சினை தீர்ந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். ஊரில் அத்தனை பேர் ஓட்டுப் போட, நான் ஒருவன் மேலே உட்கார்ந்து தீர்ப்பை மாற்றினால் அது எந்த முறை? என்னை யார் தேர்ந்தெடுத்தார்கள்? மழையைத் தொடவில்லை.

வல்லிநாயகத்துக்குப் போன் செய்தேன். “யோவ், நேரடித் தேர்தல் வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லும்,” என்றார்.

வேண்டும் என்றுதான் என் அறிவு சொல்கிறது. ஆனால் மாரித்தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

6

ஆகவே இருவரையும் டீக்கடையிலேயே விட்டிருக்கிறேன். மணி இரண்டரை. சங்கரேஸ்வரி பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டாள், வழக்கம்போல.

“குடிக்க மாட்டே, தெரியும்,” என்றாள் மாரித்தாய். “நானும் அப்பிடித்தான் கெடக்கேன். நீ பாறைய போட்டோ எடுத்ததையும் பாத்தேன். வெதி எனக்கும் தெரியும்ட்டி. போய்க் காட்டு, ஜெயி, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கேன். அந்தக் கக்கூஸ எங்கன கட்டப் போற? அங்கனயா, இங்கனயா?”

சங்கரேஸ்வரி இதை ஒருநாளும் யோசித்ததில்லை. நானும்தான். நாலு பதில் எழுதி நாலையும் அடித்துவிட்டேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால், நாலு மணிக்குள் எழுதிவிடுங்கள்.

சங்கரேஸ்வரி சொன்னாள்: “யக்கா,