ஈயத்துக்கு வெல்லம்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்திருந்த திருமூர்த்திக்கு இரக்க மனசு. கையுறை வாங்கித் தரமாட்டார், ஜன்னல் வைக்கமாட்டார். ஆனால் சனிக்கிழமை தவறாமல் ஆளுக்கு ஒரு பொட்டலம் அச்சு வெல்லம் கொடுத்துவிடுவார். பஞ்சாலையில் தூசிக்கு வெல்லம் தின்கிறார்கள், சாயத்துக்கும் அதுவே போதும் என்பது அவருடைய விஞ்ஞானம். ஐரோப்பாக்காரன் கேட்ட பளீர் மஞ்சளைப் பட்டறையில் சாயம் கலக்கும் கன்னையன் வெறுங்கையால் கலக்கி, அதே கையால் வெல்லத்தை எடுத்துக் கடித்து, பல வருஷம் அந்த விஞ்ஞானத்தைக் காப்பாற்றி வந்தான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அவனுடைய வலது மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. சோறு பிசைய முடியவில்லை. மஞ்சளில் இருந்த ஈயம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் கோயம்புத்தூர் டாக்டர். ஈயத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் விடும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். விடாமல் சாப்பிட்டால் கை நிமிரும், விட்டால் இப்படியே நின்றுவிடும், இனி மஞ்சளைத் தொடவே கூடாது என்றார். அன்றிலிருந்து அவன் மனைவி வேலாத்தாளுக்கு அந்தக் கையைத் தவிர வேறு நினைப்பில்லை.

மாத்திரைக்குத் துணையாக வெல்லமும் போனால் ஈயம் இன்னும் சீக்கிரம் ஓடிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் வெல்லத் தண்ணீர், மத்தியானம் இனிப்புப் பணியாரம், படுக்கும் முன் ஒரு கட்டி. முதலாளியும் சும்மா இருப்பாரா? வேலைக்கு வராதவனுக்குச் சம்பளம்தான் நின்றது. வெல்லம் இரட்டிப்பாக வந்தது.

சில வாரத்தில் கன்னையன் நாக்கில் தயிராடை போல வெள்ளை படிந்தது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் வந்தது. மாத்திரை எங்கே இறங்கும்? மறுபடி கோயம்புத்தூர்.

“ஈஸ்ட்டும்மா. பேக்கரியில மாவைப் பொங்க வைக்குதே, அந்த இனத்துக் காளான். உடம்பு தளர்ந்த நேரத்துல இனிப்பும் கிடைச்சா குடும்பத்தோட குடியேறிடும். என்னம்மா குடுத்தே?” என்றார் டாக்டர்.

“ஈயத்த அரிச்சுட்டுப் போகுமுன்னு வெல்லங் குடுத்தனுங்க.”

“வெல்லம் ஈயத்தை ஒண்ணும் பண்ணாது. வாய் ஆறுற வரைக்கும் மாத்திரைய நிறுத்தணும்.”

விட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்று சொன்னவரும் அவர்தான் என்பது வேலாத்தாளுக்கு நினைவு வந்தது. திரும்பும் பஸ்ஸில் வெட்கத்தை விட்டு அழுதாள். கன்னையனால் ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. வாய் முழுக்க டாக்டர் தடவிய ஊதா மருந்து.

“இந்தக் கலருக்கும் ஆர்டர் வந்திருச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான் பக்கத்து வீட்டு மயில்சாமி.

அதன்பின் வீட்டில் இனிப்பு என்ற பேச்சே இல்லை. டீயில் சர்க்கரை போயிற்று, வாழைப்பழம் போயிற்று. வேளைக்கொரு தரம் பக்கத்தில் நின்று வாய் கொப்பளிக்க வைத்தாள். நாக்கு சிவந்தது, மாத்திரை மறுபடி இறங்கியது. ஆடி முடிவதற்குள் மணிக்கட்டு எழுந்து, கன்னையன் தானே சோறு பிசைந்தான். வேலாத்தாள் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தி கேட்டு முதலாளியே வந்துவிட்டார், ஒரு பை வெல்லத்தோடு.

“மஞ்ச ஆர்டர் நிக்குது கன்னையா. உன்னாட்டம் கலக்க ஆளில்ல. திங்கக்கெழம வந்துரு.”

கன்னையன், பாவம், பழக்கதோஷத்தில் “சரிங்க” என்றுவிட்டான்.

வேலாத்தாள் பையை வாங்கவில்லை. மோதிரம் மின்னும் அவருடைய கைகளைப் பார்த்தாள்.

“ஏனுங்க மொதலாளி, உங்க கை நல்லாத்தானுங்க இருக்குது. இந்தத் தடவ மஞ்சள நீங்களே கலக்கிப்போடுங்க. சனிக்கெழமையானா வெல்லம் நாங்க கொண்டாந்து தர்றமுங்க.”