யாவோராவின் காலிக் கொக்கி

எங்களுக்கென்று சொந்தமாக ஒரு சுரங்கம் கிடையாது. செர்பியாவின் கிழக்கு மலைகளில் எங்கே புது வழி வெட்டவேண்டுமோ அங்கே கூப்பிடுவார்கள். பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, வழி திறந்து கொடுத்துவிட்டு, தட்டுமுட்டுச் சாமான்களோடு அடுத்த மலைக்குக் கிளம்பிவிடுவோம். எங்கள் மேஸ்திரி திகோமிருக்கு இந்தப் பிழைப்பில் ஒரே ஒரு சட்டம்தான். வேலை முடிந்து சுரங்கத்தை விட்டுக் கிளம்பின வேன் பாதி வழியில் திரும்பக் கூடாது. திரும்பினால் குழி ஒருத்தனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளுமாம். ஒருமுறை பொய்ப்பல்லை மறந்துவிட்டு வந்தும் அவர் திரும்பவில்லை. அடுத்த வேலை முடியும்வரை கூழ் குடித்தே காலத்தை ஓட்டினார்.

அன்றைக்கு யாவோராவில் எங்கள் வேலை முடிந்திருந்தது. நாங்கள் எல்லாரும் முன்வாசல் வழியாக ஏறி வந்து, பலகையில் வில்லைகளை மாட்டினோம். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். ஏறி வந்ததும் மாட்டுவான். கொக்கி காலி என்றால் ஆள் உள்ளே இருக்கிறான், அவ்வளவுதான். ஷிப்டு முடிந்தும் ஒரு கொக்கி காலியாக இருந்தால் பலகைக்காரர் க்வோஸ்தென் சங்கை ஊதவிடுவார். பலகை நிறையும்வரை அது நிற்காது. அவரிடம் “ஸ்ரெச்னோ” என்று சொல்லிவிட்டு வந்தோம். வாழ்க என்பதும் போய்வருகிறேன் என்பதும் எங்களுக்கு அந்த ஒரு சொல்தான்.

வோயின் மட்டும் எங்களோடு வரவில்லை. நாங்கள் வெட்டிய கிளைச் சுரங்கத்துக்குக் காற்றுத் தள்ளிக்கொண்டிருந்த விசிறியைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, வேன் நின்ற பின்வழியாக வந்து சேர்ந்தான். நேராக ஏறி உட்கார்ந்துவிட்டான்.

மலைப்பாதையில் ஒரு ஊற்றுக்குப் பக்கத்தில் சாப்பிட நிறுத்தினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வோயினின் அண்ணன் ஸ்லாவ்கோ காலையில் கட்டிக் கொடுத்த பன்றிக்கறியும் ரொட்டியும் இருந்தன. யாவோராவில் மீட்புக்குழுவில் நிரந்தர வேலை அவனுக்கு. வோயின் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு தீப்பெட்டிக்காகச் சட்டைப்பைக்குள் கைவிட்டான். விட்ட கை அப்படியே நின்றது.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?” என்றேன்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். யாவோராவின் வில்லை.

“மாட்டலையா?”

“பின்வழியா வந்தேன்ல... மறந்தே போச்சுடா.”

“மேஸ்திரி, வண்டியைத் திருப்புங்க. ஷிப்டு முடியறதுக்குள்ள போயிடலாம்,” என்றேன்.

“திருப்பறதாவது! வெளையாடறியா?” என்றார் திகோமிர். “நாம கெளம்பிட்டோம்னு ஊருக்கே தெரியும். இப்பப் போற ட்ரேன்யாக் சுரங்க வாசல்ல போன் இருக்கு. போனதும் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போச்சு.”

“ஊருக்குத் தெரியும். க்வோஸ்தெனுக்குப் பலகை மட்டும்தான் தெரியும். கடவுளே வந்து சொன்னாலும் அந்தாளு நம்ப மாட்டாரு.”

“இவன் ஒருத்தன், நொய்நொய்னு. சம்பந்தப்பட்டவன் சும்மா இருக்கான். நீ சொல்லுடா வோயின்.”

வோயின் வந்த வழியையே பார்த்தான். வில்லையை மறுபடி பைக்குள் போட்டான். “வேணாம்டா. திரும்ப வேணாம். போன் பண்ணிக்கலாம்.”

எங்கள் எல்லாரிடமும் கம்யூனிஸ்ட் கட்சி அட்டை உண்டு. சாமி இல்லை, பூதம் இல்லை என்று கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள். குழி என்றால் மட்டும் தொடை நடுங்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ரொட்டியை ஓடையில் விட்டெறிந்தேன்.

“அங்க ஸ்லாவ்கோ இருக்கான்டா. சங்கு ஊதினா உன்னத் தேடி எறங்கிடுவான்,” என்றேன்.

“அவன் மீட்புக்குழுக்காரன். மூச்சு முகமூடி இல்லாம எறங்க மாட்டான். உன்ன மாதிரி அவசரக்குடுக்கையா அவன்?” என்றான் வோயின். சிரிக்கத்தான் பார்த்தான், வரவில்லை. சின்ன வயதில் அவன் ஆற்றில் விழுந்தபோது, நீச்சல் தெரியாமலே பின்னால் குதித்தவன் ஸ்லாவ்கோ. அந்தக் கதையைக் குடித்தால் வோயினே சொல்வான்.

வேன் கிளம்பியது. வளைவுக்கு வளைவு பின்னால் ஏதோ கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த விசிறிதான். வோயினைத் தேடுகிறவன் முதலில் எங்கே போவான்? நாங்கள் வேலை செய்த கிளைக்குத்தான். அங்கே காற்றுத் தள்ளவேண்டியது எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருக்கிறது. விசிறியை எடுத்துவிட்டால் அந்தக் கிளையில் கெட்ட காற்று நிறைந்துவிடும் என்று குறுக்கே தடுப்புப் பலகை அடித்துவிட்டுத்தான் வந்தோம். பிறத்தியாரை அந்தப் பலகை நிறுத்தும். அண்ணனை நிறுத்துமா?

வோயினைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மேஸ்திரி, வேகமாப் போங்க,” என்றான்.

ட்ரேன்யாக் வாசலில் வேன் நிற்பதற்குள் குதித்துக் காவலாளியின் அறைக்கு ஓடினான். யாவோராவுக்கு இணைப்பு கிடைக்கவே நேரமானது. கிடைத்ததும், பேச்சுக்கு முந்திச் சங்குச் சத்தம்தான் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

“க்வோஸ்தென் அண்ணே, நான் வோயின் பேசறேன்.”

“யாரு?”

“வோயின்.”

“எவன்டா அது, நேரங்காலம் தெரியாம? வோயின் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கான்!”

“அண்ணே, நான்தான். ட்ரேன்யாக்ல இருக்கேன். வில்லை என் பையில இருக்கு. எங்கண்ணனைக் கூப்பிடுங்க.”



“ஸ்லாவ்கோ எறங்கிட்டான்டா,” என்றார் க்வோஸ்தென். அவர் குரலே மாறிப்போயிருந்தது. “முகமூடி வர்ற வரைக்கும் பொறுடான்னு கையப் புடிச்சேன். தம்பி கொக்கி காலியா இருக்குன்னு உதறிட்டு ஓடிட்டான்.”

அதற்குப் பிறகு திகோமிர் சட்டம் பேசவில்லை. வேனைத் திருப்பியதும் அவர்தான். வழி நெடுக விசிறி ஆடிக்கொண்டே வந்தது. வோயின் அதைக் கால் இரண்டாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மலை வளைவு திரும்புவதற்கு முன்பே சங்கு கேட்டது.

வாசலில் கூட்டம் எங்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. யாரும் ஸ்ரெச்னோ சொல்லவில்லை. வோயின் ஓடிப்போய் வில்லையைத் தன் கொக்கியில் மாட்டினான். இரண்டு தடவை அது கீழே விழுந்தது. மாட்டிவிட்டு க்வோஸ்தெனின் முகத்தைப் பார்த்தான். சங்கு நிற்கவில்லை. அடுத்த கொக்கி காலியாக இருந்தது.

முகமூடி போட்டவர்கள் ஸ்லாவ்கோவைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்திவிட்டு, தங்கள் வில்லைகளை மாட்டினார்கள். உடம்பில் ஒரு காயம் கிடையாது. தூங்குகிறவன் மாதிரி இருந்தான், உதடு மட்டும் நீலம். நாங்கள் அடித்த பலகையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கிளையின் கடைசிவரை போயிருக்கிறான்.

“திரும்பினோம்ல...” என்று பக்கத்தில் முணுமுணுத்தார் திகோமிர். “ஒருத்தனை வச்சிக்கிச்சு பாரு.”

நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன்.

“அவரை விடுடா,” என்றான் வோயின்.

குனிந்து அண்ணனின் சட்டைப்பையில் கைவிட்டு வில்லையை எடுத்தான். அதில் ஒட்டியிருந்த கரியைத் தன் சட்டையில் துடைத்தான். நடந்துபோய் அடுத்த கொக்கியில் மாட்டினான். இந்தமுறை அது கீழே விழவில்லை.

க்வோஸ்தென் பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு போய்ச் சங்கை நிறுத்தினார்.