திரைக்குப் பின்னால் ஓர் அடுப்பு

"பின்னாடி போயி நிக்க நான் என்ன எச்சித்தட்டு கழுவுறவனா—"

"அப்படி யாரு சொன்னா? அடுப்பு உங்களோடதுதான் பாய், எடம் மட்டும்—"

"எடம் மட்டும்னா? எட்டு மாசமா அந்த எடத்துலதானே தம்பி நின்னேன்!"

"கத்தாதீங்க. ஆளுங்க வர்ற நேரம்."

சஃபியுல்லா கத்தவில்லை. புகையில் தேய்ந்த தொண்டை, சும்மா பேசினாலே சண்டைபோல இருக்கும். சிங்கப்பூரில் ஒரு ஜப்பான்காரர் கடையில் பதினோரு வருஷம் கோழி சுட்டவர். காரைக்கால் கடற்கரைச் சாலையில் கார்த்திகேசன் இஸகாயா திறக்கப் போகிறேன் என்று வந்தபோது, திரும்பிப் போகிற விசாவை விட்டுவிட்டு ஊரிலேயே நின்றார். குடித்துக்கொண்டே சுட்ட கறி கொறிக்கிற கடைக்கு ஜப்பானில் இஸகாயா என்று பேர். முன்கூடத்து அடுப்பு என்றைக்கும் அவருக்கு என்பது பேச்சு.

சவுக்குக் கரி பொறி தெறிக்கிறது என்று தள்ளியவர் அவர்தான். கருவேலங்கரியை ஒன்றோடொன்று தட்டி, வெண்கலம்போல ஓசை வந்ததை மட்டும் பொறுக்கினார். கோழியைத் தோய்க்கிற சாறில் அரிசி மது சேரும். நாக்கில் வைக்க மாட்டார், மூக்காலேயே பதம் சொல்லிவிடுவார். தெருவில், "என்ன ஹாஜியாரே, சாராயக்கடைக்குக் கெளம்பியாச்சா?" என்பார்கள். "கோழிதாண்டா சுடுறேன்" என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

கார்த்திகேசன் போனை நீட்டினான். "இந்தா பாருங்க. 'சாப்பாடு பிரமாதம், ஆனா சுடுறது நம்மூரு பாய்.' மூணு பேரு இதையே எழுதியிருக்கான். ஜப்பான் கடைன்னு வர்றவன் ஜப்பான் மூஞ்சியத்தானே தேடுவான்?"

"மூஞ்சியையா திங்கிறான்?"

"அதுக்கும் சேத்துதான் பில்லு குடுக்குறான்."

அந்த மூஞ்சி தோம்பாவுடையது. மணிப்பூர்க்காரன்; புதுச்சேரியில் நூடுல்ஸ் போட்டுக்கொண்டிருந்தவன். தமிழ் நன்றாக வரும். நெற்றியில் கட்ட ஒரு துணியும் கென்ஜி என்று ஒரு பேரும் கொடுத்து, வாயைத் திறக்கக்கூடாது என்று நிறுத்தியிருந்தான் கார்த்திகேசன்.

அன்று சாயங்காலமே அடுப்பு கறுப்புத் திரைக்குப் பின்னால் போயிற்று. முன்னால் பேருக்குக் கொஞ்சம் தணல். சஃபியுல்லா சுட்டுத் திரையோரமாகத் தட்டை நீட்டுவார். தோம்பா வாங்கி, தணலில் ஒரு புரட்டுப் புரட்டி, வந்தவர்கள் முன் வைத்துக் குனிவான்.

"எம்மேல கோவமாண்ணே?" தட்டை வாங்கும்போது கிசுகிசுத்தான்.

"உன்மேல என்னடா கோவம்."

"டெல்லியில இந்தியாக்காரன்னு சொன்னேன், ஒருத்தன் நம்பல. இங்க ஜப்பான்காரன்னா ஒடனே நம்புறாங்க."

சஃபியுல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது.

ஏழு மணிக்கு, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் கிரேன் பார்க்க வந்திருந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்தார். கார்த்திகேசனுக்குத் தலைகால் புரியவில்லை. நிஜ ஜப்பான்காரன்! தானே பீர் ஊற்றினான்.

தொடைக்கறியும் வெங்காயத்தாளும் கோத்த முதல் குச்சியை அந்த மனிதர் சட்டென்று தின்றார். இரண்டாவதை மெல்லத் தின்றார். மூன்றாவதற்கு பீர் கிளாஸைத் தள்ளி வைத்தார். திரை இடுக்கு வழியே சஃபியுல்லா பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்ஜினியர் எழுந்து போய்த் தோம்பாவின் முன் இடுப்புவரை குனிந்து, தன் மொழியில் ஏதோ கேட்டார். தோம்பாவும் குனிந்தான். மறுபடி கேட்டார். தோம்பா மறுபடி குனிந்தான். துணிக்குக் கீழே நெற்றி வேர்த்துவிட்டது.

சஃபியுல்லாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இந்தக் கைப்பக்குவத்தை யாரிடம் பழகினீர்கள்? மூன்று வருஷம் விசிறியைத் தவிர வேறெதையும் தொடவிடாத அந்தச் சிங்கப்பூர்க் கடைக் கிழவரின் பேர் நுனிநாக்குவரை வந்து நின்றது.

கார்த்திகேசன் உள்ளே நழுவி, வெளியே தெரியாதபடி திரையைப் பின்கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டான். அடுப்பில் நான்கு குச்சிகள் கொழுப்புச் சொட்டிப் புகைந்தன. சஃபியுல்லா திருப்பவில்லை.

"என்ன பாய் கேக்குறாரு? பதிலை அவரு பாஷையிலயே எங்கிட்ட சொல்லுங்க, அவன் சொல்லிக்கட்டும்."