கதவு ஒயர்

கார் ஒயரிங் வேலையில் அவனுக்கு இணை அவனேதான் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்லாத நாட்களில் அவனே சொல்லிக்கொள்வான். இரண்டு ஒயரை முறுக்கி, டேப்பைச் சுற்றி, வேலை முடிந்தது என்று கை கழுவுகிற ஆள் இல்லை. உறையைச் சீவி, செம்புக் கம்பிகளை ஒன்றோடொன்று பின்னி, ஈயத்தை உருக்கிப் பாய்ச்சி, மேலே குழாய் உறையை மாட்டிச் சூடு காட்டிச் சுருக்கிய பிறகுதான் கையை எடுப்பான். ஈயக்காரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மற்ற பட்டறைகளில் யாராவது டேப் சுற்றுவதைப் பார்த்துவிட்டால் போதும், "காருக்கு ஒயரிங் பண்றியா, காயத்துக்குக் கட்டுப் போடுறியா?" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவான்.

அப்பேர்ப்பட்டவன், சொந்த அக்கா வீட்டுக் காரில் ஒரே ஒரு ஒயரை முறுக்கி டேப் சுற்றினான்.

அவனுடைய அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, மாடி ஜன்னலில் நின்றபடியே ரிமோட்டில் காரை ஸ்டார்ட் செய்யும் ஆசை வந்தது. வெயிலில் வெந்து கிடக்கும் வண்டி, துரை இறங்கி வருவதற்குள் ஏசியில் குளிர்ந்திருக்க வேண்டுமாம். வண்டியோ கையால் கியர் போடுகிற வண்டி. கியரில் கிடக்கும்போது ரிமோட்டை அமுக்கினால், ஆளே இல்லாமல் முன்னால் பாயும். அதற்காக ஒரு காவல் உண்டு. வண்டியை நியூட்ரலில் விட்டு, கைபிரேக்கை இழுத்து, இறங்கிப் பூட்டினால்தான் ரிமோட் வேலை செய்யும். பிறகு யாராவது ஒரு கதவைத் திறந்தால், உள்ளே போய்க் கியரைத் தொட்டிருப்பார்களோ என்று சந்தேகப்பட்டு அந்த ரிமோட் பெட்டி மறுத்துவிடும். கதவு திறந்த சேதியைப் பெட்டிக்குக் கொண்டுபோவது நூல் கனமே உள்ள ஓர் ஒயர்.

அது ஓட்டுநர் பக்கத்துக் கதவோரம், தரைவிரிப்புக்குக் கீழே ஓடியது. மற்ற எல்லா ஜாயிண்டுக்கும் ஈயம் வைத்தாயிற்று. இதற்கு மட்டும் சால்டரிங் குச்சியின் கேபிள் எட்டவில்லை. தலை கீழேயும் கால் வெளியேயுமாகக் கிடந்தவனைப் பார்த்து அக்கா சிரித்தாள்.

"டேய், சாப்பாடு ஆறிப்போகுது. பாதி உடம்பாவது வெளிய வந்து சாப்பிடட்டும்."

சாப்பிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று முறுக்கி டேப் சுற்றிவிட்டு எழுந்தான். சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே அத்தான் பொறுமையில்லாமல் பட்டனை அமுக்க, வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. அக்கா கை தட்டினாள். ஈயக்காரன் வாய் நிறையச் சோற்றோடு பெருமைப்பட்டான். தரைவிரிப்பை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

முறுக்கிவிட்ட ஜாயிண்ட் உடனே விட்டுப் போவதில்லை. இஷ்டப்பட்டால் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. நம்ப வைத்துக் கழுத்தறுக்கிற சாமான் அது.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு நாள் மாலை அத்தான் முறைப்படி வண்டியை நிறுத்திப் பூட்டினார். பிறகு, உள்ளே மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கதவைத் திறந்தவர், முற்றம் சரிவாயிற்றே, கைபிரேக்கும் தளர்ந்திருக்கிறதே என்று பழைய பழக்கத்தில் முதல் கியரைப் போட்டுவிட்டுச் சாத்தினார். மறுநாள் காலையில் அதை மறந்தே போனார். மறதிக்காரர்களுக்காகத்தானே அந்தக் காவல்.

அன்று காலை புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை. அவருடைய அண்ணன் குடும்பம் வந்து தங்குவதைப் பற்றி. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டது. அக்கா விடுவிடுவென்று இறங்கிப் போய், வாசல் கேட்டைத் திறக்கக் காருக்கு முன்னால் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் கணவர், கையில் ரிமோட். அடுத்த நொடி கார் அவளைக் கேட்டோடு சேர்த்து நசுக்கியது.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ் அதிகாரி விசாரித்தபோது அத்தான் பேயறைந்தவர் போல நின்றார்.

"மாப்ளே, கதவைத் திறந்துட்டா அப்புறம் ரிமோட் எடுக்காதுன்னு நீதானே சொன்னே? நான் திறந்தேனே! அதை மறந்துபோய் ஏசிக்காக அமுக்கிட்டேன்!"

எல்லோரும் ஈயக்காரனைப் பார்த்தார்கள். "என் வேலையில கோளாறு வராது சார்" என்றான் அவன். யோசித்துச் சொல்லவில்லை. எத்தனையோ வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, தானாக வந்து விழுந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் தரைவிரிப்புக்குக் கீழே டேப் சுற்றிய ஒயர் ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான். வீட்டில் யாருமில்லை. கேட்டிலும் பம்பரிலும் இருந்ததைப் பார்க்காமல் கதவைத் திறந்து விரிப்பைத் தூக்கினான். மழை ஈரத்தில் பசை விட்டுப்போன டேப் தனியாகக் கிடந்தது. பச்சை பூத்த இரண்டு கம்பி முனைகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன.

அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த அழுகை நிஜம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குள்ளிருந்து நீளமான கேபிளை இழுத்து வந்தான். பச்சை பூத்த முனைகளை வெட்டிச் சாக்கடையில் போட்டான். புதிதாகச் சீவிப் பின்னி, ஈயம் பாய்ச்சி, உறை மாட்டிச் சுருக்கினான். பயத்தில் செய்ததா, பழக்கத்தில் செய்ததா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

போலீஸ் அனுப்பிய நிபுணர் வந்து ஒவ்வொரு ஒயராகப் பிரித்துப் பார்த்தார். கதவைத் திறந்து மூடி, மீட்டர் வைத்துச் சோதித்தார். "இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்ல" என்று பாராட்டிவிட்டும் போனார். அப்படியானால் கதவைத் திறந்தேன் என்று அத்தான் சொல்வது பொய். கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் கையை விட்டு வேண்டுமென்றே கியரில் போட்டு வைத்து, அவள் முன்னால் வரும்வரை காத்திருந்து அமுக்கியிருக்கிறார். அன்று சாயங்காலமே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஈயக்காரனால் தூங்க முடியவில்லை, தின்ன முடியவில்லை. கடைசியில் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைக் கொட்டித் தீர்த்தான். அதிகாரி கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"அக்கா புருஷனைக் காப்பாத்த வந்திருக்கே. நல்ல மனசு. சாட்சிக்கு என்ன வச்சிருக்கே?"

வெட்டிய முனைகளைச் சாக்கடை கொண்டுபோயிருந்தது. ஈயம் வைத்த ஜாயிண்ட் அப்படியே பளபளவென்று இருந்தது.

அங்கிருந்து நேரே அக்காவிடம் போனான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அங்கே பார்க்காமல் முகத்தைப் பார்த்தே சொன்னான், ஒன்றையும் மறைக்காமல்.

"அத்தான் தெரிஞ்சு பண்ணலக்கா. நான் டேப் சுத்தினேன். அது விட்டுப்போச்சு. பயந்துபோய் நானே அதைச் சரி பண்ணிட்டேன்."

அக்கா மெல்லக் கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"நீயா டேப் சுத்தினே?" என்றாள். "ஸ்கூல்ல படிக்கிறப்பவே வீட்டு ரேடியோவுக்கு ஈயம் வைக்காம மூடினதில்ல நீ. யார்கிட்டடா கதை விடுறே?"

"சத்தியமாக்கா."

"என் வாழ்க்கை போயிடக் கூடாதுன்னு உன் பேரைக் கெடுத்துக்கப் பாக்கறே. எனக்குத் தெரியாதா? அவர் ஜன்னல்ல நின்னு என்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தார். கையில ரிமோட் இருந்துச்சு. அந்தப் பார்வையை நான் எப்படி மறப்பேன்?"

"சண்டை போட்டுப் போறியேன்னு பார்த்திருப்பாருக்கா. அவ்வளவுதான். தப்பு என்னோடது. கொஞ்சம் நம்புக்கா, உன் கால்ல விழறேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்குத் தன் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள வருகிறார்கள் என்றாள். வேண்டுமென்றேதான் செய்தார் என்று சொல்லப் போகிறாளாம்.

அவன் கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து விசும்பினான். அக்கா அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதடா. உன் மேல ஒரு பழியும் வராம நான் பாத்துக்கறேன்."