நாடி தெளியும் வரை

சீவலப்பேரியில் கார் அறுவடை முடிந்து வைக்கோலை உயர அடுக்கிப் படப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சியில் நின்று மிதித்துக்கொண்டிருந்த காசிலிங்கம் வழுக்கி, கீழே நின்ற மாட்டுவண்டிச் சக்கரத்தில் முதுகு அடிபட விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே உடம்பு அவன் சொன்னதைக் கேட்கவில்லை.

"ஏலே, என் காலு எங்கலே?" என்று தம்பி சங்கிலிபூதத்தானிடம் கேட்டான். கால்கள் இரண்டும் அவன் கண்ணெதிரேதான் நீண்டு கிடந்தன.

ஆற்றில் வெள்ளம். தோணி விடவில்லை. மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது.

டாக்டர் ஞானசிகாமணி பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். காசிலிங்கத்தின் முகம் அசையவில்லை. பக்கத்தில் நின்ற அவன் மனைவி இசக்கித்தாய்தான் "ஐயோ" என்றாள்.

"இன்னைக்கே அறுத்துச் சரி பண்ணிருங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நாடி நூலாட்டம் ஓடுது தாயி. இப்ப மயக்க மருந்து குடுத்தா மூச்சு நின்னுரும். முதுகெலும்புக்குள்ள ஒரு நரம்பு போவுது. அது நசுங்கிப்போச்சா, இல்ல அடிபட்ட அதிர்ச்சியில சும்மா உறங்கிக் கெடக்கா, வெளியில இருந்து சொல்ல முடியாது. உறங்குதுன்னா தானா முழிக்கும். நாடி தெளியட்டும்."

அவளுக்கு அது சாக்காகத்தான் பட்டது. உடைந்ததை உடனே கட்டாமல் எதற்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? காலையில் டாக்டர் வரும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் காசிலிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்பார்.

அந்த நாட்களில்தான் காசிலிங்கம் அவளிடம் பேச ஆரம்பித்தான். ஊரில் அவன் வயலுக்குப் போய்விடுவான், அவள் நடவுக்குப் போய்விடுவாள். வந்தால் சோறு, தூக்கம். இங்கே அவள் அவனைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கையில் ஒருநாள் கேட்டான்.

"ஏட்டி, கல்யாணமான புதுசுல எதுக்கு அப்படி அழுதே?"

"பயத்துலதான். நீங்க ஒரு வார்த்தை பேசலையே."

"என்ன பேசணும்னு தெரியல" என்றான். பிறகு வெகுநேரம், அவள் அம்மா வீட்டில் வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

நாடி தேறியது. மறுநாள் காலையில் அறுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் விடிந்ததும் காசிலிங்கத்துக்குக் குளிர் காய்ச்சல். சிறுநீர் தானாகப் பிரியாமல் குழாய் வைத்து எடுத்ததில் சீழ் பிடித்திருந்தது. டாக்டர் மறுபடியும் தள்ளிவைத்தார்.

சங்கிலிபூதத்தான் கத்தினான். "எங்க அண்ணனைச் சாகட்டும்னு போட்டு வச்சிருக்கீயளா?"

"சும்மா கெடலே" என்று அவனை அடக்கிவிட்டு, காசிலிங்கம் டாக்டரைப் பார்த்தான். "செத்தாலும் ஒங்க மேல பழி இல்லய்யா. அறுத்துருங்க."

"பழிக்குப் பயந்து நான் நிக்கல" என்றார் டாக்டர். "காய்ச்சலோட அறுத்தா, நானே கொன்னதுக்குச் சமம்."

காய்ச்சல் தணிந்த பிறகு அறுத்தார்கள். கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தபோது இசக்கித்தாய் எழுந்திருக்கவில்லை. அவரே அவள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எலும்புச் சில்லை எடுத்தாச்சு தாயி. ஆனா நரம்பு கூழாயிருக்கு. கால் வராது."

"அன்னைக்கே அறுத்திருந்தா?"

"அன்னைக்கு அறுத்திருந்தா மேசையிலேயே போயிருப்பாருன்னு நெனைக்கேன். விழுந்தப்பவே நரம்பு நசுங்கியிருக்கும். சத்தியம் பண்ணிச் சொல்ல என்னால முடியாது."

காய்ச்சல் திரும்பி வந்தது. படுக்கைப் புண்ணும் ஆறவில்லை. கார்த்திகை பிறந்த சில நாளில், இசக்கித்தாய் கஞ்சி கொண்டு வருவதற்குள் காசிலிங்கம் கண்ணை மூடிவிட்டான்.

உடம்போடு தோணியில் திரும்பும்போது சங்கிலிபூதத்தான் புலம்பிக்கொண்டே வந்தான். "போட்டு வச்சே கொன்னுட்டாவ மதினி. அன்னைக்கே அறுத்திருந்தா அண்ணன் நடந்து வந்திருப்பான்."

"அன்னைக்கே அறுத்திருந்தா எங்கிட்ட ஒண்ணுமே பேசாம போயிருப்பாவ" என்றாள் இசக்கித்தாய். சொன்னது அவளுக்கே ஆறுதலாக இல்லை. கொஞ்சம் கழித்து, "எனக்குத் தெரியல கொழுந்தனாரே" என்றாள்.

தோணி கரையை முட்டியது. காத்திருந்த ஆட்கள் உடம்பைத் தூக்க இறங்கினார்கள்.

"பையத் தூக்குங்க" என்றாள் அவள். "முதுகு."