செல்லி கடையில் நான்கு நிமிடம்

மணிமொழி பேசி முடித்த பிறகே கலையரசன் கோடு இழுப்பார். நாளிதழில் நெடுங்காலம் வெளிவந்த ‘செல்லி கடை’ என்னும் மூன்று கட்டச் சித்திரத்தொடர் அவ்வாறுதான் உருவாயிற்று. கல்வராயன் மலையில் பேருந்து வந்து திரும்பும் ஓரிடத்தில் செல்லி என்னும் பெண் தேநீர்க்கடை வைத்திருக்கிறாள். கடைவாசலில் ஒரு நாய் படுத்திருக்கிறது. வராத பேருந்துக்காக நாள்தோறும் காத்துக் கிடப்பதால் அதன் பெயர் கண்டக்டர். செல்லி பேசுவாள், கண்டக்டர் கேட்கும். தொடரில் வேறொன்றும் நிகழ்வதில்லை.

செல்லியின் சொற்கள் யாவும் மணிமொழியுடையவை. மலையில் சாமை விதைக்கும் குடும்பத்தில் பிறந்து, கள்ளக்குறிச்சியில் ஓவிய ஆசிரியராக இருந்த கலையரசனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கீழே இறங்கி வந்தவர் அவர். பிற ஓவியர்கள் ஆளை வரைந்துவிட்டு எஞ்சிய இடத்தில் பேச்சை அடைப்பார்கள். இவ்வீட்டில் முறை வேறு. மாலை வேளையில் அட்டையை முன்னே வைத்துக்கொண்டு கலையரசன் காத்திருப்பார். துணி மடித்தபடியோ அரிசி புடைத்தபடியோ மணிமொழி அன்றைய பேச்சைச் சொல்வார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவர் வரியை மடக்கிக் கீழே இறங்குவார். பேச்சு முடிந்ததும் அதைச் சுற்றி ஒரு குமிழ். குமிழுக்கு வெளியே மிஞ்சிய இடத்தில் செல்லி. அவள் காலடியில் நாய். பதிகம் ஓதுகிறவர் சீர் பிரித்து நிறுத்தும் இடத்தைக் குறித்துவைப்பது போன்றது அது எனக் கலையரசன் எண்ணிக்கொள்வார். எவரிடமும் சொன்னதில்லை.

தொடக்க ஆண்டுகளில் வரிகள் நீண்டிருந்தன. ‘நேத்து வர வேண்டிய பஸ்ஸு இன்னிக்கி வந்திருக்குது, இன்னிக்கி பஸ்ஸு எங்கன்னு கேட்டா மொறைக்கறாங்கடா கண்டக்டரு’ என்று ஒரே மூச்சில் கட்டத்தின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓடும். பிறகு மணிமொழிக்கு நெஞ்சில் நோய் கண்டது. நுரையீரல் சுருங்கிவருகிறது என்றார் மருத்துவர். வரிகளும் சுருங்கிவந்தன. இருவரும் அறிந்தே அது நடந்தது. “குமிழு சின்னதா ஆனா நாய்க்கு எடம் ஜாஸ்தி, நல்லதுதானங்க” என்றார் மணிமொழி. இறுதி ஈராண்டில் வரிக்கு ஒரு சொல் நின்றது. இறுதிப் படத்தின் குமிழில் இருப்பவை மூன்றே வரிகள்:

கண்டக்டரு
டீ
ஆறிப்போவுது

ஆனி மாதத்தில் மணிமொழி இறந்தார். கலையரசன் வரைவதை நிறுத்தினார். அழவில்லை. வைகறையில் நீராடி, நீறணிந்து, விளக்கின் முன் நின்று முன்போலவே பதிகம் ஓதினார். சொற்கள் தவறவில்லை, சொல்லுக்குப் பின்னே எதுவும் வரவில்லை, அவ்வளவே. மகள் தமிழ்ப்ரியா சோறு போட்டால் உண்டார். போடாவிட்டால் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தார் ‘செல்லி கடை’யை அசையும் படமாக்கி, பொங்கலன்று பிற்பகல் அரைமணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்ப விரும்பினார்கள். கலையரசன் சரி என்றார். வேண்டாம் என்பதற்கும் அவரிடம் காரணம் இருக்கவில்லை. தமிழ்ப்ரியாதான் அந்தச் செய்திக்குப் பிறகு வேறாகிப்போனாள். மணிமொழியின் குரல் எதிலும் பதிவாகியிருக்கவில்லை. கைப்பேசியை நீட்டினால் அவர் வாயைப் பொத்திக்கொள்வார். அம்மாவின் பேச்சை இனி எங்கேயாவது கேட்க முடியுமானால் அது செல்லியின் வாயிலிருந்துதான் என்று அவள் நம்பினாள்.

மார்கழி நடுவில் இயக்குநர் அருள்மொழி மடிக்கணினியும் கையுமாக வீட்டுக்கு வந்தான். முப்பதைத் தாண்டாத சென்னைக்காரன். மலையிலிருந்து நேரே இறங்கி வந்திருந்தான். காலணியில் செம்மண் ஒட்டியிருந்தது.

“வெள்ளிமலை பக்கம் போய் சவுண்டெல்லாம் எடுத்துட்டு வந்தோம் சார். குருவி, காத்து, மழைகூடக் கெடச்சுது. பஸ் ஹாரன் எடுக்கத்தான் பாதி நாள் உக்காந்துட்டோம்.”

“அதத்தான எங்கம்மா வருஷக்கணக்கா சொல்லிக்கினு இருந்துச்சு” என்றாள் தமிழ்ப்ரியா.

அருள்மொழி சிரித்தான். “கடைசி ரெண்டு வருஷத்துப் படங்கள மட்டும்தான் எடுத்துக்கிட்டேன் சார். வரிக்கு ஒரு வார்த்தை. எழுத்துல அவ்வளவு சிக்கனம். எப்படிப் புடிச்சீங்க அந்த ஸ்டைல?”

“தானா வந்துது” என்றார் கலையரசன்.

அருள்மொழி படத்தை ஓடவிட்டான். கலையரசனின் கோடுகள் பிசகவில்லை. கடை கடையாகவே இருந்தது. கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி மேலெழுந்தது; நாயின் காது அசைந்தது. செல்லி திரும்பி வாய் திறந்தாள்.

தெளிந்த குரல், பழுதற்ற உச்சரிப்பு. “கண்டக்டரு, டீ ஆறிப்போவுது” என்று ஒரே ஒழுக்கில் சொல்லிவிட்டு அது அடுத்த பேச்சுக்குப் போயிற்று. மலைச்சரிவில் எங்கும் நில்லாமல் இறங்கும் நீர்போலச் சொற்கள் ஓடின. ஒரு காட்சி முடிந்து மறுகாட்சி வந்தது. கலையரசன் பார்த்துக்கொண்டிருந்தார். தம் கைகள் முழங்கால்மேல் இருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“எப்படிங்க இருக்கு?”

“நல்லாருக்குது.”

“இன்னா நல்லாருக்குது?” என்றாள் தமிழ்ப்ரியா. “பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்ற மாதிரி இருக்குது. எங்கம்மா இப்படிப் பேசாதுங்க.”

அருள்மொழி முகம் சுளிக்கவில்லை. “நீங்க சொல்றது புரியுதுங்க. நடிச்சவங்க நல்லாத்தான் பேசியிருக்காங்க. உங்கப்பா எழுதினதுல ஒரு எழுத்த விடல. குமிழ்ல இருந்தத எல்லாம் அப்படியே வரிசையா டைப் அடிச்சுக் கொடுத்தோம், நடுவுல கமா மட்டும் போட்டோம். எங்களுக்கு இருக்கிற பிரச்சனை வேற. எல்லாத்தையும் பேசி முடிச்சாலும் நேரம் கம்மியா வருது. நாலு நிமிஷம் இடிக்குது. படங்கள எண்ணித்தான் அரைமணி நேரம்னு கணக்குப் போட்டோம், எங்க போச்சுன்னு தெரியல. அதனால நடுவுல ஒரு பாட்டு வச்சிருக்கோம். பாருங்க.”

பாட்டில் கண்டக்டர் எழுந்தது. கழுத்தில் தோல்பையும் வாயில் விசிலுமாகப் பின்னங்கால்களில் நின்றது. ‘ரைட், ரைட்’ என்று பல குரல்கள் முழங்க இடுப்பை ஆட்டி ஆடியது. செல்லி கரண்டியால் தாளம் தட்டினாள்.

“பசங்களுக்கு ரொம்பப் புடிக்கும் சார்.”

தமிழ்ப்ரியா திரையைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்த்தாள். “அந்த நாலு நிமிஷம் எங்க போச்சுன்னு உனக்குத் தெரியும். சொல்லுப்பா.”

கலையரசனுக்குத் தெரியும். கமா போட்டு அடித்துக் கொடுத்த பேச்சில் வரிகள் இல்லை. வரிகள் இல்லாத இடத்தில் மணிமொழியின் மூச்சு இல்லை. அதைச் சொன்னால் இந்த இளைஞன் தலையசைத்துக் கேட்பான். பிறகு சென்னையில் ஒரு குளிரூட்டிய அறையில், எவளோ ஒருத்தி ஒலிவாங்கியின் முன் நின்று மணிமொழியைப் போல இழுத்து இழுத்து மூச்சுவிட்டுப் பழகுவாள். சொல்லாவிட்டால் மணிமொழி பேசியதற்கான சுவடே படத்தில் இராது. இரண்டையும் நினைத்துப் பார்த்தார். இரண்டும் மிகத் தொலைவில் நின்றன.

“இருக்கட்டும்” என்றார்.

“இன்னா இருக்கட்டும்? நாய் ஆடட்டுமா?”

“ஆடட்டும்.”

தமிழ்ப்ரியா எழுந்துவிட்டாள். அடுக்களை வாசல்வரை போனவள் அங்கேயே நின்று, திரும்பாமல் கேட்டாள். “இத்தினி வருஷத்துல அம்மா அந்த நாய ஒருநாளாவது எழுந்து நிக்க வுட்டுச்சா?”

விடவில்லை. தொடரின் முதல் மாதத்தில் மழைக்கு ஒதுங்கும் பாவனையில் கண்டக்டரைக் கலையரசன் ஒருமுறை நிற்க வைத்து வரைந்தார். மணிமொழி பார்த்தார். “படுக்க வைங்க அத. கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். அதுவும் எழுந்துபூட்டா நான் யார்ட்ட பேசறது?” என்றார். அன்றே அழித்துப் படுக்க வைத்தார். அதன்பின் அந்த நாய் எழவே இல்லை.

திரையில் விசில் ஒலித்துக்கொண்டிருந்தது. கலையரசன் உள்ளே போய் அட்டைகளைக் கட்டோடு எடுத்து வந்தார். மேலே இருந்த ஒன்றை அருள்மொழியின் முன் வைத்து, முதல் வரியின் அடியில் விரலை ஊன்றினார்.

“கண்டக்டரு.”

விரல் அங்கேயே நின்றது. அருள்மொழி நிமிர்ந்து பார்த்தான். இன்னும் நின்றது. பாட்டை நிறுத்தலாம் என்பது அப்போதுதான் தோன்றியவன்போல அவன் கணினியைத் தட்டி நிறுத்தினான்.

“டீ.”

மறுபடியும் விரல் நின்றது. தெருவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று கடந்துபோயிற்று.

“ஆறிப்போவுது.”

கலையரசன் விரலை எடுத்தார். “அவளுக்கு நெஞ்சுல சீக்கு. மூச்சு எங்க முட்டுச்சோ அங்க வரிய மடக்கினேன். ஸ்டைலு இல்ல. எல்லாப் படத்துலயும் அப்படித்தான். நீங்க தேடற நேரம் அதுல இருக்குது.”

அருள்மொழி அட்டையையே பார்த்திருந்தான். “இத முன்னாடியே சொல்லியிருந்தா…” என்று தொடங்கி, முடிக்கவில்லை. “திரும்பப் பேச வச்சுடறேன் சார். மூச்சுத் திணறலோட, அவங்க எப்படிப் பேசுனாங்களோ அப்படியே. உங்க பொண்ணு பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கட்டும்.”

“நான் வரேன்” என்றாள் தமிழ்ப்ரியா உடனே. “அது இழுக்கற சத்தம் எனக்குத் தெரியும். எனக்கு வரும்.”

“வேணாம்” என்றார் கலையரசன்.

“ஏம்பா?”

“அது நம்ம வூட்டுச் சத்தம்.”

தமிழ்ப்ரியாவின் முகம் சுருங்கிற்று. அவள் எதிர்பார்த்திருந்தது அந்தச் சத்தத்தைத்தான். கலையரசன் மகளைப் பார்த்துப் பேசாமல், அட்டையைப் பார்த்தே பேசினார். “பேசனவங்க பேசனதே இருக்கட்டும். வரி முடியற எடத்துல நிறுத்துங்க. அவ நிறுத்தன அளவுக்கு. அந்த எடத்துல யாரும் பேச வேணாம். மூச்சும் வுட வேணாம். பாட்ட எடுத்துடுங்க.”

“டிவி சார். பேச்சு நின்னா ஜனங்க சேனல மாத்திடுவாங்க.”

“மாத்தட்டும்.”

அருள்மொழி வாதிடவில்லை. தொழில் தெரிந்தவன், முதலில் செய்து பார்த்தான். கணினியில் குரலை மூன்று துண்டாக வெட்டி, கலையரசனின் விரல் நின்ற அளவுக்கு இடையே வெற்றிடம் வைத்து ஓடவிட்டான். செல்லி ஒரு சொல் சொன்னாள். பின்பு ஆவி மட்டும் எழுந்தது. நாய் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தபடி இருந்தது. அடுத்த சொல் வந்தது. மீண்டும் ஆவி, மீண்டும் நாய்.

“இப்பத்தான் அது காத்துக்கிட்டு இருக்கற மாதிரி தெரியுது” என்றான், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

அன்று பிற்பகல் முழுதும் கலையரசன் ஒவ்வோர் அட்டையாக எடுத்து விரல் வைத்துக் காட்டினார். அருள்மொழி குறித்துக்கொண்டான். தமிழ்ப்ரியா இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போயிற்று.

அவ்வாண்டு அவர்கள் வீட்டில் பொங்கல் இல்லை, துக்க ஆண்டு. வாசலில் கோலமில்லை, கரும்பில்லை. அக்கம்பக்கத்து முற்றங்களில் பானைகள் பொங்கி ஓய்ந்து, பிற்பகல் வெயில் சாய்ந்த வேளையில் தகப்பனும் மகளும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார்கள்.

அன்று குறித்துக்கொண்டதில் நிறுவனத்தார் எதையும் மாற்றவில்லை. பாட்டு இல்லை. செல்லி பேசினாள், நின்றாள், பேசினாள். குரல் வேறொருத்தியுடையதுதான். மணிமொழியின் குரலில் ஓர் இழைகூட அதில் இல்லை. ஆயினும் அது நிற்கும் ஒவ்வோரிடத்திலும் அருகே தமிழ்ப்ரியாவின் தோள் மெல்ல உயர்வதைக் கலையரசன் கண்டார். சிறிது நேரம் கழித்து, தம் மார்பும் அதே இடங்களில் உயர்ந்து தாழ்கிறது என்று அறிந்தார். வருத்தம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. மூச்சு வந்தது, போயிற்று. அவர் அதைத் தடுக்கவில்லை.

இறுதிக் காட்சி தொடங்கியபோது பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் இடைச்சுவரின் மேலாகத் தலையை நீட்டினார்.

“ஏம்மா தமிழு, உங்க வூட்ல டிவி நல்லா வருதா? எங்குளுது நின்னு நின்னு வருதும்மா. படம் ஓடுது, பேச்சு மட்டும் நின்னு நின்னு போவுது. பொட்டிய ரெண்டு தட்டு தட்டிக்கூடப் பாத்துட்டேன். பண்டிக நாளு, கேபிள்காரன கூப்ட்டாலும் வரமாட்டான், பாவி.”

தமிழ்ப்ரியா தகப்பனைப் பார்த்தாள். அவள் வாய்க்கோடியில் ஏதோ அசைந்தது, சிரிப்பென்றும் சொல்லலாம்.

“பொட்டிய தட்டாதீங்க” என்றார் கலையரசன். “எங்க வூட்லயும் அப்படித்தான் வருது.”

“அப்பிடிங்களா” என்று ஆறுதலடைந்து, கொளஞ்சியம்மாள் சுவரைப் பற்றியபடி அங்கிருந்தே திறந்த சன்னல்வழி இவர்கள் வீட்டுத் திரையைப் பார்த்தார். ஆவி எழுந்துகொண்டிருந்தது. நாய் தலையைத் தூக்கியிருந்தது. அடுத்த சொல்லைச் செல்லி இன்னும் சொல்லவில்லை.