யார் பெயரில் திறக்கிறது

1

மார்ச் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை காலை, ஒரு கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்த கணினி, புதிதாக ஏற்றப்பட்ட உலாவியை இனி எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்டது. மேசையில் இருந்த இளைய பெண் 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

இது நானாக வைத்துக்கொண்டது. எனக்கு உண்மையில் தெரிந்தது பாதிப் பேச்சுதான். என் பூனையைக் கூடையில் கொண்டுபோய் அங்கே காத்திருந்தேன். மேசைக்குப் பின்னால் நின்ற இருவரில் மூத்தவள், மருத்துவரிடம், "என் பேருலதான் போயிருக்கு டாக்டர். ஆனா..." என்றாள். அதற்குள் பூனையை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன சொன்னாள் என்று தெரியாது. வழியில் கிடந்த லாடத்துக்குக் குதிரை தேடுகிற கதைதான் இது.

2

தொடக்கங்கள்:

அவளுக்குப் பொறாமை என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் [நிறுத்தினேன். சொல்லிவிட முடியும்.]

பொறாமை என்பது அடுத்தவரிடம் இருப்பதை விரும்புவதல்ல, நம்மிடம் [கட்டுரையாகப் போகிறது.]

மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, கணினி ஒன்று. [இது பரவாயில்லை.]

மூத்தவள் அந்த மேசையில் வெகுகாலமாக இருக்கிறாள். எந்த நாய் எந்த நாயைக் கண்டால் பாயும், எந்த வீட்டுக்காரர் மருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்காமல் விடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இளையவள் அவளுடைய தம்பி மனைவி. வேலை தேடிக்கொண்டிருந்தவளை மருத்துவரிடம் சொல்லி மூத்தவள்தான் சேர்த்துவிட்டாள். எனவே மூத்தவளை நாத்தனார் என்றே அழைக்கிறேன்.*

*எழுதிய பிறகுதான் உறைத்தது. இந்தக் கதையில் அவளுக்கு நான் வைத்த பெயர்கூடத் தம்பி மனைவி வழியாக வந்ததுதான். மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. அவள் எரிச்சல் வாசகருக்குப் புரிய அது உதவும்.

3

ஊரின் இன்னொரு பக்கத்தில் மருத்துவர் ஒரு கிளை திறக்கப்போகிறார். அங்கே முன்மேசையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள இந்த இருவரில் ஒருவர் போக வேண்டும். கேட்டவுடனேயே நாத்தனார் அந்த மேசையை மனதுக்குள் துடைத்து வைத்துவிட்டாள். பூந்தொட்டி எங்கே, நாய்க்கயிறு மாட்டும் கொக்கி எங்கே என்பது வரை.

பிறகு ஒருநாள் மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து சொன்னார்: "உங்க தம்பி வீட்டம்மா ரெண்டாள் வேலை பாக்குறாங்கம்மா. நேரம் உறுதி பண்ணி அனுப்புற எந்தச் செய்தியைப் பார்த்தாலும் அவங்க பேர்தான் இருக்கு. நல்ல ஆளாத்தான் கொண்டு வந்திருக்கீங்க."

"ஆமா டாக்டர்," என்றாள் நாத்தனார். சிரிக்கவும் செய்தாள். சிரிப்புக்கு முகம் ஒத்துழைத்தது.

மாலையில் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"என்னக்கா, உன் இடத்துல என் பொண்டாட்டி கொடி பறக்குதாமே?"

"பறக்கும், பறக்கும். கம்பம் நட்டது யாரு?"

"உனக்குப் பெருமையா இல்லையா?"

"இருக்குடா. வச்சிக்க இடந்தான் இல்ல."

அதன்பின் தம்பி மனைவி எதைச் செய்தாலும் குற்றமாகப் பட்டது. தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்தால், நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள். கழுவாமல் விட்டால், அதற்குள் திமிர். நாய்கள் அவளைப் பார்த்து வாலாட்டுவதைக்கூட நாத்தனாரால் சகிக்க முடியவில்லை.

இந்த இடத்தில் நான் நடுநிலை தவறுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என்னைக் கீறித் தள்ளும் என் பூனை, அன்று இளையவள் மடியில் உருண்டு படுத்துக்கொண்டது. முதல் வரைவை அதனால் இளையவள் பக்கம் நின்றே எழுதினேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் காட்சி உறுத்திக்கொண்டே இருந்தது. சோறு போடுகிறவன் நான், மடி அவளுடையதா? அதன் பிறகு நாத்தனாரை எழுதுவது சிரமமாக இல்லை.

4

இனி உலாவி விவகாரம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நேரம் கேட்டு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் முன்பதிவுப் பக்கம் திறக்கும். நேரம் குறித்து 'உறுதி' கொடுத்தால் விலங்கின் சொந்தக்காரருக்குச் செய்தி போகும். செய்தியின் அடியில் உறுதி செய்தவர் பெயர் இருக்கும். கணினியில் இரண்டு உலாவிகள். பழையதில் நாத்தனாரின் கணக்கு எப்போதும் திறந்தே கிடந்தது. புதியதில் தம்பி மனைவியின் கணக்கு. இணைப்பு எந்த உலாவியில் திறக்கும் என்பதை அழுத்துகிற விரல் முடிவு செய்வதில்லை. எது இயல்பு உலாவியாக, அதாவது கணினி தானாகத் திறப்பதாக, அமைக்கப்பட்டிருக்கிறதோ அதில் திறக்கும்.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு, நாத்தனார் செய்த வேலையெல்லாம் தம்பி மனைவி பெயரில் போய்க்கொண்டிருந்தது. இருவருக்குமே அது தெரியாது.

தெரியவந்தது ஒரு காது வீங்கிய நாயால். அதன் சொந்தக்காரர் மேசையருகே வந்து, "எங்கே அந்தப் பொண்ணு? இடமே இல்லன்ன நாள்ல எங்களுக்கு நேரம் பிடிச்சுக் குடுத்துச்சே. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு," என்று தன் கைப்பேசியைக் காட்டினார். அடியில் தம்பி மனைவியின் பெயர்.

அந்த நேரத்தைப் பிடித்தது நாத்தனார். ஒரு முயலை மதியத்துக்குத் தள்ளி, முயல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு பிடித்தது.

அவர் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். மேல் மூலையில் கண்ணளவு வட்டமாக ஒரு படம். இத்தனை நாளும் ஏதோ முத்திரை என்று நினைத்திருந்தாள். அது தம்பியின் கல்யாணப் படம். மணப்பெண்ணின் முகம் மட்டும் வட்டத்துக்குள் வரும்படி வெட்டியிருந்தது. தோளில் நான்கு விரல்கள் தெரிந்தன. அன்று பக்கத்தில் நின்று தோளைப் பிடித்திருந்தவள் நாத்தனார். அந்த விரல்கள் அவளுடையவை.

5

சொல்லியிருக்கலாம். "ஏம்மா, இங்க பாரு, என் வேலையெல்லாம் உன் பேருல போகுது," என்றால் சிரித்துவிட்டு இருவரும் சரிசெய்திருப்பார்கள். கதை இங்கேயே முடிந்திருக்கும். நானும் எழுந்து போய்ப் பூனைக்குச் சாப்பாடு வைத்திருப்பேன்.

தம்பி மனைவி சாப்பிடப் போன நேரத்தில் நாத்தனார் அமைப்புகளைத் திறந்து, இயல்பு உலாவி என்ற இடத்தைத் தேடிப் பிடித்தாள். பழையதைத் தேர்ந்தெடுத்ததும் கணினி கெஞ்சியது: மாற்றும் முன் இதை ஒருமுறை பயன்படுத்திப் பாருங்களேன். "நீயுமா?" என்றாள் திரையிடம். மாற்றிவிட்டாள்.

இனி இருவரில் யார் அழுத்தினாலும் அவள் பெயரில் போகும். இத்தனை நாள் போனது திரும்பி வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தம்பி மனைவி மறுநாளே கேட்டாள்.*

"அண்ணி, இந்தப் பக்கம் வேற மாதிரி திறக்குதே?"

"அப்படியா? ஏதாவது அப்டேட் ஆகியிருக்கும்."

"ஓ," என்றாள் அவள். வேலையைத் தொடர்ந்தாள்.

*முதல் வரைவில் அவள் கவனிக்கவே இல்லை என்று எழுதியிருந்தேன். அவள் வயதில் யாரும் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த 'ஓ'வுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. நம்பினாளா, நம்பியதாகக் காட்டினாளா? அவளைப் படைத்தவன் என்ற உரிமையில் கேட்டுப் பார்த்தேன். அவள் அடுத்த மின்னஞ்சலைத் திறந்தாள்.

6

அறுவைச் சிகிச்சைக்கு வரும் நாய் வெறும் வயிற்றில் வர வேண்டும். உறுதி செய்யும் பக்கத்தில் அதற்கு ஒரு சிறு கட்டம் உண்டு. தொட்டால்தான் அந்த எச்சரிக்கையும் செய்தியோடு போகும். தம்பி மனைவி ஒரு நாய்க்கு நேரம் உறுதி செய்தபோது கட்டத்தைத் தொடவில்லை. நாய் வயிறு முட்டத் தின்றுவிட்டு மகிழ்ச்சியாக வந்து இறங்கியது. மயக்க மருந்து கொடுக்க வெளியிலிருந்து வந்தவர் அப்படியே திரும்பிப் போனார்.

மருத்துவர் மேசைக்கு வந்தார். கையில் நாய்க்காரரின் கைப்பேசி.

"உங்ககிட்டேருந்து இதை எதிர்பார்க்கலம்மா. இத்தனை வருஷத்துல ஒருநாள் இப்படி ஆனதில்ல."

தம்பி மனைவி என் பூனையை எடைக்கருவியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என் பேருலதான் போயிருக்கு டாக்டர். ஆனா..."

நாத்தனார் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. செய்தது அவள் இல்லை என்று சொன்னால், பெயர் எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும். எப்போது மாற்றினாள், ஏன் மாற்றினாள், கேட்டபோது ஏன் பொய் சொன்னாள் என்பதையும். சொல்லாவிட்டால் கிளை போய்விடும்.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

7

முடிவுகள்:

(அ) நாத்தனார் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். [அவளை எனக்குத் தெரியும். சொல்ல மாட்டாள்.]

(ஆ) பழியை ஏற்றுக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறாள். [அப்படியென்றால் அந்த 'ஆனா' எதற்கு?]

(இ) எடைக்கருவியருகே இருந்து ஒரு குரல்: "நான்தான் டாக்டர் பண்ணேன். அண்ணியோட லாகின்ல இருந்துச்சு, பாக்காம அழுத்திட்டேன்." நாத்தனார் திரும்பிப் பார்க்கிறாள். அந்த முகத்தில் கருணை இருக்கிறதா, கணக்கு இருக்கிறதா என்று தேடுகிறாள். கருணையாக இருந்தால் அதைத்தான் அவளால் தாங்க முடியாது. இதிலும் அவள் ஒரு படி மேலே

[முடிக்கவில்லை. இதை முடித்தால் நாத்தனார் என்னை மன்னிக்க மாட்டாள்.]

மூன்றில் எது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். உங்களிடம் பூனை இருந்தால், அது யார் மடியில் படுக்கும் என்பதையும் பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கிளை திறந்துவிட்டது. அங்கே முன்மேசையில் நாத்தனார் இருக்கிறாள். தம்பி மனைவி பழைய இடத்தில்தான், இப்போது தனியாக, இருக்கிறாள். நேற்று அந்தப் பழைய இடத்திலிருந்து என் பூனையின் தடுப்பூசிக்கு நேரம் உறுதியாகி வந்தது. செய்தியின் அடியில் நாத்தனாரின் பெயர் இருந்தது.